நீங்க இருந்தா ஓடுது, போனா படுத்துக்குது: ஒரு பத்துக் கோர் கணினியின் கதை

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. முகூர்த்த நாளில் இரண்டு யூனிட் கிளம்பும், சில நாள் மூன்று. ஒன்று அரூர் பக்கம், ஒன்று பென்னாகரம், இன்னொன்று காரிமங்கலம். எடுத்து வந்ததை எல்லாம் ஒரே பையன் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறான். எடிட் முடிந்தால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டரை மணி நேரப் படம் கையில் இருக்கும். அந்த மாஸ்டர் ஃபைல் யானை மாதிரி. அதைச் சுருக்கி, பென்டிரைவில் ஏற்றி, எந்த டிவியில் சொருகினாலும் ஓடுகிற மாதிரி கொடுக்க வேண்டும். இந்தச் சுருக்கும் வேலையை இரவில் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். காலையில் வந்தால் ஃபைல் தயாராக இருக்கும். 2019 முதல் இப்படித்தான் நடந்தது.

அந்தக் கணினியைப் பூட்டிக் கொடுத்தது நான்தான். இன்டெல் ஐ7-8700 ப்ராசசர். ஆறு கோர், ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட் தாங்கும். கோர் என்றால் ப்ராசசருக்குள் தனியாக உழைக்கிற ஆள், த்ரெட் என்றால் அவர் கையில் ஓடுகிற வேலை இழை. ஆக, கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பன்னிரண்டு கட்டம். 2024 தை மாதம் அதன் மதர்போர்டு உயிரை விட்டது. பழைய போர்டு தேடி அலைவதைவிடப் புதிதாகவே பூட்டிவிடலாம் என்று ஐ5-13400 போட்டேன். கடைகளில் இதைப் "பத்துக் கோர்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நானும் அப்படியே சொல்லித்தான் விற்றேன். விண்டோஸ் 11 புதிதாக ஏற்றினேன். வேலை ஃபைல்கள் இருந்த பழைய டிஸ்கை மட்டும் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினேன். அந்த டிஸ்கில், 2019-ல் நான் எழுதிக் கொடுத்த ஒரு சின்ன பேட்ச் ஃபைலும் இருந்தது. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து, ஒரே கிளிக்கில் ஓடவிடுகிற கோப்பு அது. அதைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே இல்லை.

வைகாசி முகூர்த்தம் சூடுபிடித்தபோது ஸ்டுடியோ அண்ணன் ஃபோன் பண்ணினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. பழைய மிஷினே தேவலாம் போல இருக்குது."

விவரம் கேட்டேன். பழைய கணினியில் மூன்று கல்யாணத்தை வரிசையில் போட்டு இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கினால், விடியற்காலை நாலரை, ஐந்துக்குள் மூன்றும் முடிந்திருக்கும். புதுக் கணினியில் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும்போது இரண்டுதான் முடிந்திருந்தது, மூன்றாவது பாதிகூட ஆகவில்லை. அரூர் பார்ட்டி பென்டிரைவுக்காக வாசலில் நிற்கிறார். பெண்ணின் அண்ணன் அன்றைக்கே ஊருக்குத் திரும்ப வேண்டியவர்.

ஆறு கோர் ஏழு மணி நேரத்தில் முடித்ததைப் பத்துக் கோர் பதினைந்து மணி நேரம் இழுக்கிறது. விற்றவன் என்ற முறையில் எனக்குக் காது சுட்டது.

தப்பான இடத்தில் தேடிய இரண்டு ராத்திரி

போனேன். என்கோடரை, அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருளை, டபுள் கிளிக் செய்து திறந்தேன். அதே ஃபைலில் பத்து நிமிடத் துண்டை எடுத்துச் சுருக்கச் சொன்னேன். ஃபேன் சீறிக்கொண்டு எழுந்தது, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பழைய கணினியில் இதே துண்டுக்கு ஒன்பதரை நிமிடம் ஆகும்.

"ஓடுதே அண்ணே."

"இப்ப ஓடுது."

மறுநாள் காலை மறுபடி ஃபோன். ராத்திரி மறுபடி அதே கதை. "நீங்க இருந்தா ஓடுது, நீங்க போனா படுத்துக்குது. மேஸ்திரி தலை மறைஞ்சா உக்காந்துக்கற ஆளு மாதிரி இருக்குது தம்பி." கேலியாகத்தான் சொன்னார். முழுக் கதையும் அந்த ஒரு வரியில் இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் சந்தேகம் சூடு. வைகாசி வெயில், மாடி, தகரக் கூரைக்குப் பக்கத்து அறை, ராத்திரி ஏசி கிடையாது. ப்ராசசர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் முதலில் வருகிற எண்ணம். தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன், ஒரு ஃபேன் கூட்டினேன், வெப்பத்தைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் இரவு முழுக்க 52 டிகிரியைத் தாண்டவில்லை. "சூடு இல்லை, நல்லது" என்று அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டேன். உண்மையில் அந்த 52 டிகிரியே பெரிய சாட்சி. முழு மூச்சாக உழைக்கிற சிப் அந்த அறையில் அவ்வளவு குளிர்ந்து கிடக்காது. ஆறு மணி நேரம் அடுப்பெரிந்தும் சமையலறை குளுகுளுவென்று இருந்தால், எரிந்தது எத்தனை அடுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இரண்டாவது சந்தேகத்தைக் கிளப்பியது டாஸ்க் மேனேஜர். பையனை வீட்டிலிருந்தபடி ரிமோட்டில் நுழைந்து பார்க்கச் சொன்னேன். "சிபியு 25 சதவீதம்ணா" என்றான். 25 என்றதும் என் தலையில் தோன்றியது ஒன்றுதான்: ப்ராசசர் வேறு எதற்கோ காத்திருக்கிறது, டிஸ்க் மெதுவாகக் கொடுக்கிறது. மறுநாள் என் சொந்த எஸ்எஸ்டி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி ஃபைல்களை அதற்கு மாற்றினேன். ஆன்டிவைரஸிடம் அந்த ஃபோல்டரைத் தொடாதே என்றேன். அன்றைக்கு இரவும் 25 சதவீதம்தான், பதினைந்து மணி நேரம்தான்.

இங்கே நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜர் காட்டுகிற அந்த ஒற்றை எண் ஒரு சராசரி. பதினாறு த்ரெட்டும் ஆளுக்குக் கால் பங்கு வேலை செய்தாலும் 25 வரும். நாலு பேர் நாக்குத் தள்ள உழைத்து, பன்னிரண்டு பேர் காலை நீட்டிப் படுத்திருந்தாலும் 25 வரும். முதலாவது என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க் அல்லது நெட்வொர்க். இரண்டாவது என்றால் குற்றவாளி வேலையைப் பங்கு பிரித்தவர். இருபது வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். அந்த எண்ணைப் பார்த்த உடனே முதலாவதுதான் என்று முடிவு கட்டியது என் சோம்பல்.

பதினாறு கட்டம்

மூன்றாம் நாள் சாயந்திரம் கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பையனிடம், "நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோ. தெனமும் ராத்திரி என்ன பண்ணுவியோ அதையே பண்ணு" என்றேன்.

அவன் என்கோடரைத் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் "ராத்திரி வேலை" என்று பெயர் வைத்த ஒரு ஐகானை டபுள் கிளிக் செய்தான். கறுப்புச் சன்னல் ஒன்று எட்டிப் பார்த்தது, அதைக் கீழே தள்ளினான், மானிட்டரை அணைத்தான், பையை எடுத்தான்.

"இது என்னது?"

"நீங்க போட்டுக் கொடுத்ததுதாண்ணா."

மானிட்டரை மறுபடி போடச் சொன்னேன். டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, தனித்தனி லாஜிக்கல் ப்ராசசராகக் காட்டும்படி மாற்றினேன். ஒரு பெரிய கட்டம் பதினாறு சின்னக் கட்டமாக உடைந்தது. முதல் பன்னிரண்டு கட்டத்தில் தரையோடு தரையாக ஒரு கோடு, அவ்வப்போது கொசு கடித்த மாதிரி ஒரு சின்னத் துள்ளல். கடைசி நாலு கட்டமும் உச்சிவரை அடைத்து நின்றன. பதினாறில் நாலு. 25 சதவீதம்.

அடுத்து டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போய் என்கோடர் வரியில் வலது கிளிக் செய்து, செட் பிரையாரிட்டி என்பதன் மேல் மவுஸை வைத்தேன். வழக்கமாக நார்மல் என்பதற்கு எதிரே இருக்க வேண்டிய குறி, ஒரு படி கீழே, பிலோ நார்மல் எதிரே இருந்தது. பேட்ச் ஃபைலைத் திறந்தேன். ஸ்டார்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அதே பிலோ நார்மல். 2019-ல் என் கையால் எழுதியது.

ஏன் எழுதினேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் பகலிலும் இந்த பேட்ச் ஃபைலை ஓடவிடுவார்கள். பின்னால் என்கோடர் ஓடும்போது முன்னால் எடிட்டிங் திணறுகிறது, டைம்லைனை நகர்த்தினால் மூன்று நொடி கழித்து நகர்கிறது என்று பையன் புலம்பினான். என்கோடரின் முன்னுரிமையை ஒரு படி இறக்கிவிட்டேன், திணறல் போனது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

ஒரே சொல், இரண்டு கணினி

அந்தச் சொல் பழைய கணினியில் என்ன செய்தது, புதியதில் என்ன செய்தது என்று பார்த்தால்தான் வழக்கு தீரும்.

எந்தக் கணினியிலும் ஆயிரக்கணக்கில் த்ரெட் இருக்கும். பெரும்பாலானவை தூக்கத்தில் இருக்கும். மவுஸ் அசையட்டும், டிஸ்கிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்கும். விழித்து நிற்பவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் யாரை ஏற்றுவது, எந்தக் கோரில் ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று நொடிக்குப் பல நூறு முறை முடிவு செய்கிற பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர்.

விண்டோஸில் "யாரை" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் முன்னுரிமை எண்தான். 0 முதல் 31 வரை 32 படிகள். நார்மல் என்று தொடங்கும் நிரலின் அடிப்படை எண் 8, பிலோ நார்மல் என்றால் 6. ஒரு கோருக்கு 8-ம் 6-ம் போட்டி போட்டால் 8 ஏறும், 6 நிற்கும். ஒரேயடியாகப் பட்டினி கிடக்கவும் விடாது. ஏறத்தாழ நாலு நொடி வாய்ப்பே கிடைக்காமல் நிற்கிற த்ரெட்டைத் தேடிப் பிடித்து, கொஞ்ச நேரத்துக்கு 15-க்குத் தூக்கிவிட ஒரு ஏற்பாடு உண்டு. சம எண் உள்ளவர்கள் முறை வைத்து ஓடுவார்கள். வழக்கமான மேசைக் கணினி அமைப்பில் ஒரு முறை என்பது இரண்டு கடிகாரத் துடிப்பு, ஒரு துடிப்பு ஏறத்தாழ 15.6 மில்லிநொடி. திரையில் முன்னால் நிற்கிற சன்னலுக்கு மட்டும் இது மூன்று மடங்கு.

விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் வேறு கணக்கு. அங்கே நைஸ் என்ற எண் வரிசையில் முந்துவதற்கான டிக்கெட் கிடையாது, நேரத்தில் கிடைக்கும் பங்கு. ஒரு படி இறங்கினால் எடை சுமார் 1.25 மடங்கு குறையும். நைஸ் 0-க்கு எடை 1024 என்றால், கடைசிப் படியான 19-க்கு 15. இறங்கினவருக்கும் துளியாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டிலும் பொதுவான ஒன்று: போட்டி இருந்தால்தான் முன்னுரிமைக்கு வேலை. ஐ7-8700-ல் ஆறு கோரும் ஒரே அச்சில் வார்த்தவை. ராத்திரி எடிட்டிங் இல்லை, பிரவுசர் இல்லை, என்கோடரோடு மோத யாரும் இல்லை. 6 என்ற எண்ணோடு நின்றாலும் முன்னால் ஆளே இல்லாத வரிசை, ஆறு கோரும் அதற்கே. அந்த இரண்டு சொல்லுக்கு நாங்கள் ராத்திரியில் கொடுத்த விலை பூஜ்யம்.

"எந்தக் கோரில்" என்ற கேள்விக்கும் பழைய கணினியில் பெரிதாக அர்த்தமில்லை. ஷெட்யூலர் முக்கியமாகப் பார்ப்பது கேஷைத்தான், அதாவது கோருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்தை. கல்யாண மண்டபத்தில் ஒரு சமையல்காரர் தன் அடுப்பைச் சுற்றிப் புளி, மிளகாய், கரண்டி எல்லாம் கைக்கெட்ட வைத்துக்கொண்டு பாதி சமைத்திருக்கும்போது "அந்த அடுப்புக்குப் போ" என்றால், போவார். ஆனால் சாமானைத் திரும்பச் சேர்க்கும்வரை வேலை நடக்காது. த்ரெட்டும் அப்படியே. அதனால்தான் கடைசியாக ஓடின கோருக்கே அதைத் திருப்பி அனுப்ப முயல்வார்கள், விண்டோஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் "உனக்கு உகந்த கோர் இது" என்று ஒன்றைக் குறித்தும் வைத்திருப்பார்கள். ரொம்பப் பிடிவாதமாக இருந்தால் ஒரு கோரில் கூட்டம், பக்கத்துக் கோரில் ஈ ஓட்டல். ரொம்பத் தாராளமாக இருந்தால் ஊர் சுற்றுவதிலேயே நேரம் போகும். லினக்ஸ் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை வைத்து, அவ்வப்போது நீளமான வரிசையிலிருந்து ஆள் எடுத்துக் குட்டையான வரிசையில் விடுகிறது. 2007-ல் 2.6.23 பதிப்பில் ஷெட்யூலரை அடியோடு மாற்றினார்கள், 2023-ல் 6.6-ல் மறுபடி மாற்றினார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு வருடம் திருத்தியும் ஓட்டை இருந்தது. 64 கோர் கணினி ஒன்றை வைத்து ஆய்வாளர்கள் சோதித்து, ஒரு கோர் சும்மா கிடக்க இன்னொன்றில் த்ரெட்டுகள் வரிசையில் காத்திருந்ததை 2016-ல் யூரோசிஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் காட்டினார்கள். நாலு பிழைகளைப் பிரித்துச் சொன்னார்கள். அதில் ஒன்று, நிரல்களைக் குழு குழுவாகச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது சராசரி ஏமாற்றியது. என் 25 சதவீதத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

அது பிழை. ஸ்டுடியோவில் நடந்தது பிழை இல்லை.

ஐ5-13400-ன் பத்துக் கோரில் ஆறு பெரியவை, நாலு சின்னவை. பெரியது ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட் தாங்கும், 4.6 கிகாஹெர்ட்ஸ்வரை போகும். சின்னது ஒரு த்ரெட்தான், 3.3-க்கு மேல் போகாது, அதே வேகத்தில் ஓடினாலும் செய்கிற வேலை குறைவு. மின்சாரமும் இடமும் கொஞ்சமாகப் பிடிக்கும் என்பதற்காகவே வைத்தவை. ஆறிரண்டு பன்னிரண்டும் நாலும் சேர்ந்து அந்தப் பதினாறு கட்டம். கைப்பேசிக்கு இது பழைய சங்கதி. பெரியதும் சின்னதுமாகக் கோர்களைக் கலந்து வைக்கும் திட்டத்தை ஆர்ம் நிறுவனம் 2011-லேயே அறிவித்துவிட்டது. மேசைக் கணினிக்கு இன்டெல் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது 2021 கடைசியில் வந்த 12-ஆம் தலைமுறையில்.

இப்படிப்பட்ட சிப்பில் ஷெட்யூலருக்கு "எந்தக் கோரில்" என்பது முழுக் கேள்வியாகிவிடுகிறது. எந்த த்ரெட் எந்த மாதிரிக் கட்டளைகளை ஓட்டுகிறது என்று சிப்பே குறிப்புக் கொடுக்கும், விண்டோஸ் 11 அதைப் படிக்கும். ஆனால் குறிப்புதான் சிப்புடையது, தீர்ப்பு விண்டோஸுடையது. அந்தத் தீர்ப்பில் இந்த வேலையைப் பற்றி அதன் சொந்தக்காரர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதற்கும் கனம் உண்டு. நான் என்ன சொல்லியிருந்தேன்? "இது அவசரமில்லை." வேகத்துக்கும் மின்சிக்கனத்துக்கும் நடுவில் நிற்கிற பேலன்ஸ்ட் பவர் பிளானில் அந்தக் கணினி அதை அப்படியே எடுத்துக்கொண்டது: அவசரமில்லாத வேலையா, சின்னக் கோர் போதும், பெரியவற்றை எழுப்பிக் கரண்டை வீணாக்க வேண்டாம். போட்டி இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. ஆப்பிளின் எம்1 சிப் வந்தபோதும் இதே பழக்கம்தான்: பின்னணி வேலை என்று முத்திரை குத்தினால் பெரிய கோர்கள் சும்மா கிடந்தாலும் அது சின்னவற்றிலேயேதான் ஓடும்.

"யாராவது வந்தால் வழி விடு" என்று 2019-ல் நான் எழுதிய சொல், "நீ எப்போதும் ஓரமாகவே நட" என்று 2024-ல் ஆகிவிட்டது. எழுத்து ஒன்றும் மாறவில்லை.

நான் போனபோதெல்லாம் ஏன் ஓடியது என்பதும் இதிலேயே அடக்கம். நான் பேட்ச் ஃபைல் வழியாகப் போகவே இல்லை. என்கோடரை நேராகத் திறந்தேன், நார்மல் முன்னுரிமையில், திரையில் முன்னால் நிற்கும் சன்னலாக. அவர்களின் வேலையைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வேறொரு வேலையைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். மேஸ்திரி தலை மறைந்தால் என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

பத்து ஏக்கர்

அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். பத்துக் கோர்னு சொன்னேன் இல்லீங்களா அண்ணே, அதுல ஆறு பெருசு, நாலு சிறுசு. பாதி கேட்டதும் அவரே பிடித்துக்கொண்டார். பென்னாகரம் பக்கம் அவருக்கு நிலம் இருக்கிறது.

"ஓ. ஆறு ஏக்கர் கெணத்துப் பாசனம், நாலு ஏக்கர் மானாவாரி. பத்து ஏக்கர்னு பத்திரம் போட்டுக் குடுத்துட்ட நீ."

"மானாவாரியிலயும் வெளையும்ணே."

"வெளையும். கொள்ளும் சாமையும் வெளையும். நெல்லக் கொண்டுபோய் அங்க நட்டுட்டு அறுப்புக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கறோம்."

பல கட்டுரைகள் படித்திருக்கிறேன், யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் "எத்தனை கோர்?" என்று மட்டும் கேட்டால் இப்போதெல்லாம் "என்ன பாசனம்?" என்று கேட்கச் சொல்கிறேன்.

சோதனை

அன்றைக்கு ராத்திரியே அதே பத்து நிமிடத் துண்டை வைத்து ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்த்தோம். பையன் கைப்பேசியில் நேரம் பிடித்தான்.

பேட்ச் ஃபைலை உள்ளபடியே விட்டால் 20 நிமிடம். அதே பேட்ச் ஃபைலில் பிலோ நார்மலை மட்டும் எடுத்தால் 5 நிமிடம் 10 நொடி, பதினாறு கட்டமும் நிரம்பியது, ஃபேன் சத்தத்தில் பேசக் குரல் உயர்த்த வேண்டியிருந்தது. பிலோ நார்மலை வைத்துக்கொண்டே பவர் பிளானை மட்டும் ஹை பர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினாலும் ஏறத்தாழ அதே வேகம். இது முக்கியமான சோதனை. முன்னுரிமை எண்ணால் மட்டும் தடைபட்டிருந்தால் பவர் பிளான் மாற்றியதும் நிலைமை மாறியிருக்காது. எண் 6 ஆகவே இருக்க வேகம் நாலு மடங்கானது என்றால், வேலையைச் சின்னக் கோருக்கு அனுப்பியது மின்சிக்கனக் கணக்குதான்.

கடைசியாக, நார்மல் முன்னுரிமையில், இந்தக் கோர்களில் மட்டும் ஓடு என்று சொல்கிற அஃபினிட்டி வழியாக முதல் பன்னிரண்டு த்ரெட்டில் மட்டும் கட்டிப் போட்டோம், அதாவது பெரிய கோர்கள் மட்டும். 6 நிமிடம் 20 நொடி. நாலு சின்னக் கோரும் கூட நின்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம். மானாவாரிதானே என்று அலட்சியப்படுத்தவும் முடியாது.

என்ன செய்தோம், என்ன செய்யவில்லை

மூன்று வழி இருந்தது. பவர் பிளானை ஹை பர்ஃபார்மன்ஸில் நிரந்தரமாக வைத்துவிடலாம். ஒரு கிளிக், எல்லாம் தீர்ந்தது. ஆனால் கணினி சும்மா இருக்கும் நேரத்திலும் கூடுதலாகக் கரண்ட் குடிக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுகிற கடை, தகரக் கூரைப் பக்கத்து அறை. வேண்டாம் என்றேன்.

அஃபினிட்டியை எழுதி வைப்பது இரண்டாவது வழி. சில பேர் இதில் ரொம்பப் பெருமைப்படுவார்கள். எனக்கு அதில் பயம். இன்றைக்கு 0 முதல் 11 வரை பெரிய கோர். நாளைக்கு வேறு சிப் போட்டால் அந்த எண்களுக்கு வேறு அர்த்தம். ஒரு கணினிக்கு எழுதியது அடுத்த கணினிக்குக் கூடவே போகும் என்பதில் இப்போதுதான் மூன்று நாள் பாடம் படித்திருக்கிறேன், அதே பள்ளத்தில் தெரிந்தே இன்னொரு கால் வைப்பானேன்? அதோடு, கட்டிப் போட்ட வேலையை ஷெட்யூலர் நகர்த்த முடியாது. பக்கத்தில் இடம் காலியானாலும் அது அங்கேயேதான் நிற்கும்.

மூன்றாவது, பிலோ நார்மலை எடுத்துவிடுவது. ராத்திரிக்கு அது போதும். பகலில் எடுத்தால் பழைய திணறல் திரும்பி வரும், பையனின் டைம்லைன் மறுபடி நொண்டும். அப்போதுதான் உறைத்தது, பகலில் என் பழைய வரி முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று. பையன் ஆறு பெரிய கோரில் எடிட் செய்துகொண்டிருக்க, நேற்றைய கல்யாணம் நாலு சின்னக் கோரில் அவனைத் தொந்தரவு செய்யாமல் மெல்ல வெந்துகொண்டிருக்கும். சின்னக் கோரை வைத்தவர்கள் மனதில் இருந்ததும் இதுதான்.

ஆக, ஒரு பேட்ச் ஃபைல் இரண்டானது. பகலுக்குப் பழைய வரி அப்படியே. ராத்திரிக்கு அந்த இரண்டு சொல் இல்லாமல். அடுத்த முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணத்தைப் போட்டு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கினார்கள். லாகில் பார்த்தால் ஒன்றரை மணிக்கு முன்னாலேயே மூன்றும் முடிந்திருந்தது.

நான் வீட்டுக்கு வந்து பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். இதே வரியை இன்னும் இரண்டு இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காரிமங்கலத்து டிடிபி சென்டரில் இன்னும் பழைய நாலு கோர் கணினிதான், அங்கே அந்த வரியால் கெடுதல் இல்லை, விட்டுவிட்டேன். பாலக்கோட்டில் ஒருவர் போன வருடம் வேறு யாரிடமோ புதுக் கணினி வாங்கியிருக்கிறார். ஃபோன் பண்ணி, "ராத்திரி வேலை முடிய லேட் ஆகுதுங்களா?" என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஸ்டுடியோ டெஸ்க்டாப்பில் அந்த இரண்டு ஐகானுக்கும் நான் பகல், ராத்திரி என்றுதான் பெயர் வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் ஒரு பிரிண்டர் வேலையாகப் போனபோது பார்த்தேன். பையன் மாற்றியிருக்கிறான். ஒன்று "கெணறு", இன்னொன்று "மானாவாரி".